ஸுரையா முதல் அன்ட்ரோமீடா வரை: விண்ணின் தூரத்தை அளந்த கதை

நமது குடும்பங்களில் ஸுரையா என்ற பெயருடைய ஒரு சகோதரியையேனும் அறியாதவர்கள் மிகக் குறைவு. மகளுக்கு ஆசையோடு அப்பெயரைச் சூட்டிய பெற்றோர்களுள் எத்தனை பேர், அது வானத்திலுள்ள ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் பெயர் என்பதை அறிந்து சூட்டினார்களோ தெரியாது. தமிழில் கார்த்திகை என்று நாம் சொல்லும் அந்தச் சிறு நட்சத்திரக் கொத்தையே அரபிகள் 'அத்துரையா' என்றழைத்தார்கள். அதற்குப் பின்னால் சிவந்த நிறத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் எழுந்து வரும். துரையாவைத் தொடர்ந்து வருவதால் அதற்கு 'அத்தபரான்', அதாவது பின்தொடர்வது, என்று பெயர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அச்சாகும் வானியல் நூல்களில் இன்றும் அதன் பெயர் அல்டெபரான்தான். வேகா, அல்டெயர், ரைகல், டெனெப் என்று விஞ்ஞானிகள் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர்களும் அரபியிலிருந்து போனவையே. வாகிஃ, தாஇர், ரிஜ்ல், தனப் என்பன அவற்றின் மூலச் சொற்கள்.

பெயர் சூட்டும் வேலை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால், அந்த ஸுரையா நம்மிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடைத்தது நமது காலத்திலேதான். விண்வெளித் தொலைகாட்டிகள் எடுத்த வண்ணப் படங்களைப் பத்திரிகைகளில் கண்டு நாம் வியக்கிறோம். சுவரில் மாட்டி வைக்குமளவுக்கு அழகான படங்கள்தாம். எனினும், பெரும் பணத்தைச் செலவிட்டு அத்தொலைகாட்டிகளை மேலே அனுப்பியதன் பிரதான நோக்கங்களுள் ஒன்று, படத்தில் தென்படாத ஒன்றை அறிவதாகும். அதுவே தூரம்.

இரவில் கடற்கரையில் நின்று பாருங்கள். கடலில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. அது அருகில் நிற்கும் தோணியில் எரியும் அரிக்கன் லாம்பா? அடிவானத்தில் செல்லும் கப்பலின் பெரிய விளக்கா? கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். வானத்திலும் இதே சிக்கல்தான். ஒரு நட்சத்திரத்தின் தூரம் தெரியாவிட்டால் அதன் உண்மையான பிரகாசம் தெரியாது, பருமன் தெரியாது, வயதும் தெரியாது. தூரம் பிழைத்தால் எல்லாக் கணக்கும் பிழைத்துவிடும்.

ஒற்றைக் கண்ணால் ஒரு சோதனை

கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தி, முதலில் இடக் கண்ணாலும் பின்னர் வலக் கண்ணாலும் மாறி மாறிப் பாருங்கள். விரல், பின்னாலுள்ள சுவரில் இடம் பெயர்வது போலத் தோன்றும். விரலை முகத்துக்குக் கிட்டக் கொண்டு வந்தால் பெயர்வு அதிகம். தள்ளிக்கொண்டு போனால் குறைவு. இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரம் தெரிந்தால், இந்தப் பெயர்வைக் கொண்டே விரலின் தூரத்தைக் கணக்கிடலாம்.

வானியலாளர்கள் செய்வதும் இதைத்தான். பூமி சூரியனைச் சுற்றி வருவதால், ஆறு மாத இடைவெளியில் நாம் சுமார் 30 கோடி கிலோ மீற்றர் தள்ளி நிற்கிறோம். தையில் ஒரு கண், ஆடியில் மறு கண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள நட்சத்திரம், மிகத் தொலைவிலுள்ளவற்றின் பின்னணியில் மிக மிகச் சிறிதளவு இடம் பெயர்ந்து தோன்றும். 1838இல் ஜேர்மனிய வானியலாளர் பிரீட்ரிச் பெஸல் முதன்முறையாக ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை இவ்வாறு அளந்து வெளியிட்டார்.

இந்த அளவீட்டுக்குப் பெரும் எதிரி நமது காற்று மண்டலமேயாகும். நட்சத்திரங்கள் கண் சிமிட்டுகின்றன என்று குழந்தைகளுக்குச் சொல்கிறோம். சிமிட்டுவது நட்சத்திரமன்று, நடுவிலுள்ள காற்றின் அசைவு. அந்த நடுக்கத்தில் நுண்ணிய பெயர்வுகள் மறைந்துவிடுகின்றன. எனவேதான் காற்றுக்கு மேலே போக வேண்டியிருந்தது.

1989இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஹிப்பார்கொஸ் என்ற செய்மதியை அனுப்பியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அது அளந்தது. 1997இல் முடிவுகள் வெளியான போது எவரும் எதிர்பாராத இடத்தில் சச்சரவு மூண்டது. நமது ஸுரையாவில்தான்! அதன் தூரம் சுமார் 440 ஒளியாண்டுகள் என்று அதுவரை கருதப்பட்டிருந்தது. (ஒளி ஓராண்டில் செல்லும் தூரமே ஒளியாண்டு, சுமார் ஒன்பதரை இலட்சம் கோடி கிலோ மீற்றர்.) ஹிப்பார்கொஸ் செய்மதியோ 390 ஒளியாண்டளவில் என்றது.

ஐம்பது ஒளியாண்டு அங்கும் இங்குமாக இருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஸுரையா அவ்வளவு கிட்ட இருந்தால், அதிலுள்ள நட்சத்திரங்கள் இருக்க வேண்டிய பிரகாசத்தை விட மங்கலானவை என்றாகிவிடும். நட்சத்திரம் எவ்வாறு எரிகிறது என்று விஞ்ஞானிகள் எழுதி வைத்த கணக்கு முழுவதையும் மீண்டும் பார்க்க வேண்டி வரும். ஆகவே ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியைக் கொண்டு அளந்தார்கள். பின்னர் 2014இல் பூமியின் பல பகுதிகளிலுமுள்ள வானொலித் தொலைகாட்டிகளை இணைத்து அளந்தார்கள். ஈற்றில், 2013 டிசெம்பரில் ஏவப்பட்ட கையா என்ற ஐரோப்பியச் செய்மதியும் அளந்து சொன்னது. எல்லாம் 440 ஒளியாண்டையொட்டியே வந்தன. இவ்விடயத்தில் பிழைத்தது ஹிப்பார்கொஸ்தான். இருநூறு கோடிக்குச் சற்றுக் குறைவான நட்சத்திரங்களை அளந்து தந்த கையா, 2025 மார்ச் மாதம் தன் பணியை முடித்துக்கொண்டது.

ஆனால் இந்த ஒற்றைக் கண் வித்தை நமது பால்வீதிக்குள்ளேதான் செல்லும். அதற்கு அப்பாலுள்ளவற்றின் பெயர்வு, கையாவாலும் நம்பத்தக்க முறையில் பிரித்தறிய முடியாத அளவுக்கு நுண்ணியது. அங்கு வேறொரு அளவுகோல் தேவை.

மீனின் வாயருகே ஒரு சிறு முகில்

பத்தாம் நூற்றாண்டில், பாரசீகத்தின் ரய் நகரில் பிறந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி என்ற வானியல் அறிஞர் வாழ்ந்தார். புவைஹித் மன்னர் அழுதுத் தௌலாவின் ஆதரவில் பணியாற்றியவர் அவர். 964ஆம் ஆண்டளவில் 'ஸுவருல் கவாகிப்' என்ற நூலை அரபியில் எழுதினார். ஒவ்வொரு நட்சத்திரத்தின் இடத்தையும் பிரகாசத்தையும் தன் கண்ணாலேயே சரிபார்த்து, படங்களும் வரைந்து சேர்த்த நூல் அது. அரபிகள் மீன் என்று உருவகித்த ஒரு நட்சத்திர உருவத்தின் வாயருகே, சிறு முகில் போன்ற ஒரு வெளிச்சம் இருப்பதை அவர் அதில் குறித்து வைத்தார். இன்று அன்ட்ரோமீடா என்று வழங்கும் கலக்ஸியைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துப் பதிவு அதுவே. தொலைகாட்டி என்ற பொருள் உலகில் தோன்றுவதற்கு ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன்!

நிலவில்லாத இரவில், மின்விளக்கு வெளிச்சம் இல்லாத ஓரிடத்திலிருந்து அதனை இன்றும் வெறுங் கண்ணால் காணலாம். ஜனவரி மாதத்து முன்னிரவில் வடமேற்கு வானில் புகை படிந்தாற் போல மங்கலாகத் தெரியும். நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். சற்று ஓரமாகப் பார்த்தால் தெரியும்.

அந்த முகில் என்ன? இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னரும் இதற்கு விடை கிடைக்கவில்லை. பால்வீதிக்குள் கிடக்கும் வாயுப் புகையே அது என்று ஒரு சாரார் சொன்னார்கள். பால்வீதியைப் போலவே கோடானுகோடி நட்சத்திரங்களைக் கொண்ட தனியொரு கலக்ஸி என்றார்கள் மற்றொரு சாரார். தூரம் தெரிந்தால் வழக்குத் தீர்ந்துவிடும். தூரத்தை அளக்கும் கோல்தான் எவரிடமும் இருக்கவில்லை.

மணிக்கு 30 சதம்

அந்தக் கோலைக் கண்டெடுத்தவர் தொலைகாட்டியில் அமர்ந்து ஆய்வு செய்ய வாய்ப்பில்லாத ஒரு பெண்மணி. அமெரிக்காவில் 1868இல் பிறந்த ஹென்றியேட்டா லீவிட் என்பது அவர் பெயர். செவிப்புலன் குன்றியவர். ஹாவார்ட் வானாய்வு நிலையத்தின் பணிப்பாளர் எட்வேர்ட் பிக்கரிங் அக்காலத்தில் பல பெண்களை வேலைக்கு அமர்த்தியிருந்தார். ஆண்களை விடக் குறைந்த கூலிக்குப் பொறுமையாக வேலை செய்வார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். இரவில் தொலைகாட்டியை இயக்குவது ஆண்களின் வேலை. பகலில் மேசையில் அமர்ந்து, கண்ணாடித் தட்டுகளில் பதிவான நட்சத்திரப் புள்ளிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து எண்ணுவது பெண்களின் வேலை. 1895இல் ஊதியமின்றித் தொண்டராகச் சேர்ந்த லீவிட்டுக்கு 1902இல் மணிக்கு 30 சதம் என்று கூலி நிர்ணயமாயிற்று. மற்றப் பெண்களுக்குப் பெரும்பாலும் 25 சதம்தான்.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் அரெக்கிப்பா மலைப் பகுதியில் எடுத்த தட்டுகள் கப்பலில் வந்து சேரும். தென் வானிலுள்ள மகலன் முகில்கள் என்ற இரு ஒளித் திட்டுகளின் படங்கள் அவை. அவற்றிலுள்ள நட்சத்திரங்களுள் எவை பிரகாசம் கூடிக் குறைகின்றன என்று கண்டுபிடிப்பது லீவிட்டுக்கு இடப்பட்ட பணி. அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலைதான். வேறுபாடு என்னவென்றால், இங்கே கல்லும் அரிசியும் ஒரே நிறம், ஒரே உருவம். ஒரு நாள் எடுத்த தட்டையும் இன்னொரு நாள் எடுத்த தட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளுள் மாறியிருப்பது எதுவென்று தேட வேண்டும். 1908இல் 1777 மாறும் நட்சத்திரங்களின் பட்டியலை அவர் வெளியிட்டார்.

பட்டியலோடு நின்றிருந்தால் இன்று அவரைப் பற்றி எழுத வேண்டியிருக்காது. அவற்றுள் செபீட் என்ற ஒரு வகை உண்டு. சீராகத் துடிப்பவை. சில ஒன்றேகால் நாளுக்கு ஒரு முறை பிரகாசித்து மங்கும்; சில 127 நாட்கள் எடுத்துக்கொள்ளும். பிரகாசம் கூடிய நட்சத்திரங்கள் மெதுவாகத் துடிப்பதை அவர் கவனித்தார். 1912இல் சிறிய மகலன் முகிலிலுள்ள 25 நட்சத்திரங்களை வரைபடத்தில் இட்ட போது அவை ஒரே கோட்டில் வந்து அமர்ந்தன. அவை அனைத்தும் ஒரே முகிலுக்குள் இருப்பதால் நம்மிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். எனவே தோற்றத்தில் உள்ள வேறுபாடு உண்மையான பிரகாசத்தின் வேறுபாடேயாகும். இதிலிருந்து விளைந்த முடிவு மிகப் பெரியது: துடிப்பை எண்ணினால் பிரகாசம் தெரியும். உண்மைப் பிரகாசத்தைக் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும். கடலில் தெரியும் விளக்கு 40 வொட்டா, 100 வொட்டா என்று விளக்கே சொல்லிவிடுவது போல.

நட்சத்திரம் ஏன் துடிக்க வேண்டும்? உலை கொதிக்கும் போது பானை மூடி எழும்பி எழும்பி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். செபீட் நட்சத்திரத்தின் வெளிப் பகுதியிலுள்ள ஹீலியம் வாயு ஒரு மூடியாகத் தொழிற்படுகிறது. உள்ளிருந்து வரும் வெப்பத்தை அது தடுத்து வைக்க, அமுக்கம் கூடி நட்சத்திரம் உப்புகிறது. உப்பியதும் வாயு குளிர்ந்து வழி விடுகிறது. வெப்பம் வெளியேறியதும் நட்சத்திரம் சுருங்கி, மூடி மறுபடியும் மூடிக்கொள்கிறது. பெரிய பானையின் மூடி மெதுவாக ஆடும். சிறியது விரைவாக ஆடும்.

1912ஆம் ஆண்டின் அந்த அறிக்கையில் கையொப்பம் பிக்கரிங்குடையது. லீவிட் தயாரித்தது என்ற ஒரு குறிப்பு அதன் தொடக்கத்தில் உண்டு, அவ்வளவுதான். அதனைத் தொடர்ந்து ஆராயும் வாய்ப்பும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை; வேறு பணிகள் தரப்பட்டன. 1921 டிசெம்பரில் புற்றுநோயால் அவர் காலமானார். 1925இல் சுவீடனின் கணித அறிஞர் மிட்டாக் லெப்லர், நோபல் பரிசுக்கு அவர் பெயரைப் பிரேரிக்க விரும்பி ஹாவார்ட்டுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் வரும்போது அவர் இறந்து மூன்றாண்டுகள் கடந்திருந்தன. மரணித்தவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்படுவதில்லை.

தட்டில் எழுதிய மூன்று எழுத்துகள்

1923 ஒக்டோபர் மாதம். கலிபோர்னியாவில் மவுன்ட் வில்சன் மலையிலுள்ள, நூறு அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைகாட்டியில் எட்வின் ஹபிள் அன்ட்ரோமீடா முகிலைப் படமெடுத்தார். புதிதாகத் தோன்றிய ஒரு புள்ளியை, திடீரென வெடித்து ஒளிரும் 'நோவா' என நினைத்து 'என்' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டில் எழுதினார். பழைய தட்டுகளோடு ஒப்பிட்ட போதுதான் அது மங்கிப் பின் மீண்டும் பிரகாசிக்கும் நட்சத்திரம் என்று தெரிந்தது. எழுதியதை வெட்டிவிட்டு, மாறும் நட்சத்திரம் என்பதைக் குறிக்க 'வீ, ஏ, ஆர்' என்ற மூன்று எழுத்துகளையும் ஓர் ஆச்சரியக் குறியையும் இட்டார். 31 நாட்களுக்கு ஒரு முறை துடிக்கும் செபீட் அது. லீவிட்டின் கோலை வைத்து அளந்தார். தூரம் சுமார் ஒன்பது இலட்சம் ஒளியாண்டு என்று வந்தது. பால்வீதியின் அகலம் மூன்று இலட்சம் ஒளியாண்டுக்கு மேல் என்று அதற்கு முன் எவரும் சொன்னதில்லை. எனவே அன்ட்ரோமீடா வெளியே இருக்கிறது. அஸ்ஸூபி கண்ட சிறு முகில், தனியொரு கலக்ஸி.

ஹபிள் சொன்ன எண் சரியன்று. உண்மையான தூரம் சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு. செபீட்களில் இரு வகை உண்டு என்பது அன்று எவருக்கும் தெரியாது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இருளடிக்கப்பட்டிருந்த வேளையில், அந்த இருட்டைப் பயன்படுத்தி அன்ட்ரோமீடாவைத் துல்லியமாகப் படமெடுத்தவர் வோல்டர் பாடே. தூரங்களையெல்லாம் இரட்டிக்க வேண்டுமென்று 1952இல் அவர் அறிவித்தார்.

அதற்குள் ஹபிளின் அடுத்த கண்டுபிடிப்பால் ஒரு வேடிக்கையான நிலை உண்டாகியிருந்தது. கலக்ஸிகள் நம்மை விட்டு விலகிச் செல்கின்றன, தூரம் கூடக் கூட வேகமும் கூடுகிறது என்று 1929இல் அவர் காட்டினார். பிரபஞ்சம் விரிந்து செல்கிறது என்பது இதன் பொருள். விரிவின் வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால் பிரபஞ்சத்தின் வயது கிடைக்கும். அவரது எண்களின்படி அது சுமார் 200 கோடி ஆண்டுகள். பூமியிலுள்ள பாறைகளோ அதைவிட மூத்தவை! தாயை விட மகள் மூத்தவளாகி நின்றாள். தூரம் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும் என்று முன்பு குறிப்பிட்டது இதைத்தான்.

சினிமா டிக்கட்டின் விலை

வானத்தில் ஒரு தொலைகாட்டி வைக்க வேண்டும் என்று 1946இலேயே எழுதியவர் லைமன் ஸ்பிட்சர். அதனை ஏட்டிலிருந்து எடுத்து நடைமுறைக்குக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர் நான்சி கிரேஸ் ரோமன் என்ற பெண்மணி. பாடசாலையில் இலத்தீனுக்குப் பதிலாக மேலதிக அட்சர கணிதம் படிக்க அனுமதி கேட்ட போது, எந்தப் பெண்தான் இலத்தீனை விட்டுக் கணிதம் படிப்பாள் என்று ஆலோசகரான ஆசிரியை ஏளனம் செய்ததை அவர் பிற்காலத்தில் நினைவு கூர்வதுண்டு. 1959இல் நாசாவில் சேர்ந்து, அங்கு வானியல் துறையின் முதல் தலைவியானார். இவ்வளவு செலவு எதற்கு என்று ஒரு செனட்டர் வினவிய போது, ஓர் அமெரிக்கர் ஒரு முறை சினிமா பார்க்கும் செலவில் பதினைந்து ஆண்டுக் கண்டுபிடிப்புகள் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் நமக்கு இந்த வாதம் உடனே புரியும்.

1990 ஏப்ரல் 24ஆம் திகதி டிஸ்கவரி விண்ணோடம் ஹபிள் தொலைகாட்டியைச் சுமந்து சென்றது. எட்வின் ஹபிளின் 1923ஆம் ஆண்டுத் தட்டின் பிரதிகளும் அந்த ஓடத்தில் பயணம் செய்தன. இரண்டு மாதங்களில் மகிழ்ச்சி மறைந்தது. 2.4 மீற்றர் அகலமுள்ள பிரதான கண்ணாடி, அதன் ஓரத்தில் தலைமயிரின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத் தவறாகத் தேய்க்கப்பட்டிருந்தது. படங்கள் மங்கின. உலகம் நகைத்தது.

கண்ணாடியை மாற்ற முடியாது. மங்கிய கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி போடுவது போல, நாணயக்குற்றி அளவிலான சிறு கண்ணாடிகளை உரிய இடங்களில் கொண்டு போய் நிறுத்தினால் போதும் என்று கண்டார்கள். அவ்வளவு ஒடுங்கிய இடத்தில் அவற்றை எப்படி நிறுத்துவது? ஜேம்ஸ் குரொக்கர் என்ற பொறியியலாளர் ஜேர்மனியில் ஒரு ஹோட்டலின் குளியலறையில் நின்ற போது, கம்பியில் மேலும் கீழும் நகர்ந்து மடிந்து நீளும் ஷவரைப் பார்த்தார். விடை கிடைத்துவிட்டது. பெரிய கண்டுபிடிப்புகள் ஆய்வுகூடத்தில் மட்டும் பிறப்பதில்லை போலும்! 1993 டிசெம்பரில் என்டெவர் விண்ணோடத்தில் சென்றவர்கள் ஐந்து முறை வெளியே மிதந்து அவற்றைப் பொருத்தினார்கள். பழுதை ஈடுசெய்யும் புதிய கமராவொன்றையும் மாட்டினார்கள். மிதந்து வேலை செய்தவர்களுள் கத்ரின் தோர்ன்டன் என்ற பெண்மணியும் ஒருவர்.

அதன் பிறகுதான் ஹபிள் தன் வேலையைத் தொடங்கியது எனலாம். 1995 டிசெம்பரில் வெறுமையாகத் தோன்றிய வானத்தின் ஒரு மூலையைப் பத்து நாட்கள் உற்று நோக்கி, அந்தச் சிறு துண்டுக்குள் சுமார் மூவாயிரம் கலக்ஸிகளைக் காட்டியது. நூறு மீற்றருக்கு அப்பால் பிடித்த ஒரு டெனிஸ் பந்து மறைக்கும் அளவேயான இடம் அது. எனினும் இக்கட்டுரையின் விடயம் தூரமல்லவா? 1994இல் வென்டி பிரீட்மன் என்ற கனடாவில் பிறந்த வானியலாளரும் அவரது குழுவினரும் எம் 100 என்ற கலக்ஸியை இரண்டு மாத காலம் திரும்பத் திரும்பப் படமெடுத்து, அதில் இருபது செபீட்களைக் கண்டுபிடித்தனர். துடிப்பை எண்ணினார்கள், தூரம் 5 கோடி 60 இலட்சம் ஒளியாண்டு என்று வந்தது. லீவிட் செய்த அதே வேலைதான். கண்ணாடித் தட்டுக்குப் பதிலாகக் கணனித் திரை.

அப்போது மகள் மறுபடியும் தாயை விட மூத்தவளானாள். பிரீட்மன் குழுவின் முதல் எண்ணிலிருந்து பிரபஞ்சத்தின் வயது 800 முதல் 1200 கோடி ஆண்டுகள் என்று வந்தது. மிகப் பழைய நட்சத்திரங்களுக்கோ 1400 கோடிக்கு மேல் என்று கணித்திருந்தார்கள். நட்சத்திரங்களின் வயதுக் கணக்கு பின்னர் குறைந்தது. 1998இல் இரு குழுவினர், பிரபஞ்சத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே செல்வதைக் கண்டறிந்தனர். அதையும் சேர்த்துக் கணக்கிட்ட போது வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள் என்று பொருந்தியது. அக்கண்டுபிடிப்புக்காக 2011இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அடம் றீஸ் என்பவரும் ஒருவர்.

ஹபிள் தொலைகாட்டி அந்த முதல் செபீட்டையும் மறக்கவில்லை. 2010 டிசெம்பரிலும் 2011 ஜனவரியிலும் அன்ட்ரோமீடாவிலுள்ள அதே நட்சத்திரத்தைப் படமெடுத்தது. அது எப்போது பிரகாசிக்கும், எப்போது மங்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஆள் வேண்டுமே! அமெரிக்காவின் மாறும் நட்சத்திர அவதானிப்பாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள், ஆறு மாதம் கவனித்து அதன் கால அட்டவணையைத் தயாரித்துக் கொடுத்தார்கள்.

ஒரே கேள்விக்கு இரு விடைகள்

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத முடியவில்லை. கலக்ஸிகளின் விலகு வேகத்தைக் குறிக்க விஞ்ஞானிகளிடம் ஓர் எண் உண்டு. ஒரு கலக்ஸி நம்மிலிருந்து 32 இலட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு தள்ளியிருந்தால், விநாடிக்கு எத்தனை கிலோ மீற்றர் வேகத்தில் விலகும் என்பதே அது. 2001இல் பிரீட்மன் குழு 72 என்றது. செபீட்களை வைத்து இன்னும் நுணுக்கமாக அளந்த றீஸ் குழு, 2022இல் 73 என்றது. ஐரோப்பாவின் பிளாங்க் செய்மதி வேறொரு வழியில் சென்றது. பிரபஞ்சம் பிறந்து 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளான போது புறப்பட்ட பழைய ஒளியை ஆராய்ந்து, அதிலிருந்து கணித்தது. அதன் விடை 67.4. இரு தரப்பினரும் தத்தமது பிழையின் எல்லையைச் சிறிதாகக் குறைத்த பின்னரும் விடைகள் ஒட்டவில்லை. நூற்றுக்கு எட்டு வீத வேறுபாடு.

ஒரே துணியை இருவர் அளந்து வேறு வேறு அளவு சொன்னால் என்ன நினைப்போம்? ஒருவரது கோல் பிழை என்போம். அப்படியானால் லீவிட்டின் கோலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தொலைவிலுள்ள கலக்ஸிகளில் நட்சத்திரங்கள் நெருக்கமாக இருப்பதால், ஹபிளின் படங்களில் செபீட்டின் ஒளியோடு பக்கத்து நட்சத்திரங்களின் ஒளியும் கலந்திருக்கலாம் என்று பலர் ஐயுற்றனர். கோல் சரியாகவே இருந்து, பழைய ஒளியின் கணக்கும் சரியாகவே இருந்தால் நிலைமை பாரதூரமானது. பிரபஞ்சத்தின் உட்பொருள்களைப் பற்றி எழுதி வைத்துள்ளவற்றில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்றாகும்.

2021 டிசெம்பர் 25ஆம் திகதி ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி ஏவப்பட்டது. தங்கம் பூசிய 18 கண்ணாடித் துண்டுகள் சேர்ந்து 6.5 மீற்றர் அகலம். பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோ மீற்றர் தள்ளி, டெனிஸ் மைதானமளவு குடையை விரித்து, சூரிய வெப்பத்திலிருந்து ஒதுங்கி நிற்கிறது. ஹபிளை விடக் கூர்மையாக அகச்சிவப்பு ஒளியில் பார்ப்பதால், நெருக்கத்தில் நிற்கும் செபீட்டைத் தனியே பிரித்துக் காண அதனால் முடியும். 13 கோடி ஒளியாண்டு தூரம் வரையுள்ள கலக்ஸிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட செபீட்களை அதனைக் கொண்டு சரிபார்த்த றீஸ் குழு, ஹபிளின் அளவுகள் சரியே என்று 2024இல் அறிவித்தது. கலப்படம் காரணமன்று, முரண்பாடு உண்மையானது என்பது அவர்களது நிலைப்பாடு.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிரீட்மன் குழுவும் வெப் தொலைகாட்டியின் அளவுகளை வெளியிட்டது. செபீட்களை மட்டும் நம்பாமல் செம்பெரு நட்சத்திரங்கள், காபன் மிகுந்த நட்சத்திரங்கள் ஆகிய வேறு இரு வகை விளக்குகளையும் சேர்த்து, ஒரே கலக்ஸிகளை மூன்று வழிகளில் அளந்தார்கள். மூன்றையும் சேர்த்து வந்த எண் சுமார் 70. பிளாங்கின் எண்ணோடு இதற்குப் பெரிய பகை இல்லை. முரண்பாடு என்பதே இல்லாமல் இருக்கலாம் என்று பிரீட்மன் கருதுகிறார். நீங்கள் எடுத்துக்கொண்ட கலக்ஸிகள் தொகையில் குறைவு, அதனால் எண் சாய்ந்துவிட்டது என்று றீஸ் தரப்பினர் மறுக்கிறார்கள். இருவரும் நேர்மையான ஆய்வாளர்கள், இருவரிடமும் உள்ளது ஒரே தொலைகாட்டி. எனக்கென்னவோ, ஒரே பொருளை மூன்று கோல்களால் அளந்து பார்க்கும் பிரீட்மனின் முறை மனதுக்குப் பிடிக்கிறது. ஆனால் ஸுரையாவின் விடயத்தில் நடந்தது போல, மேலும் பல அளவீடுகள் வந்தால்தான் எது நிற்கும் என்று தெரியும்.

2020 மே மாதத்தில் நாசா தனது அடுத்த பெரிய விண்வெளித் தொலைகாட்டிக்கு நான்சி கிரேஸ் ரோமனின் பெயரைச் சூட்டியது. 2018இல் மறைந்த அவர் அதனைக் காணவில்லை. அதன் கண்ணாடி ஹபிளின் கண்ணாடியைப் போலவே 2.4 மீற்றர் அகலமுடையது. ஆனால் ஒரே பார்வையில் ஹபிளின் கமரா காணும் இடத்தை விடக் குறைந்தது நூறு மடங்கு பரப்பைக் காணும்படி அதனை அமைத்திருக்கிறார்கள்.